திகாம் பத்து நிறுத்தத்தில் இரண்டு ஹார்ன்

சுவரில் ஆணி மட்டும் இருந்தது. படம் இல்லை.

இருபது வருடத்துக்கும் மேலாக என் வீட்டுக்காரர் முனியாண்டி அந்த ஆணியில்தான் மாலையோடு இருந்தார். ஊதுபத்திப் புகையில் சுவர் முழுக்கப் பழுப்பேறிக் கிடக்க, படம் இருந்த இடம் மட்டும் சாயம் அடித்த அன்றைக்குப் போலவே வெளுத்திருந்தது. காலை வெயில் ஜன்னல் வழியாக வந்து அந்தக் கட்டத்தில் விழுந்தது. நான் கையில் விளக்குமாறோடு எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை.

படத்தை எடுத்துப் போனவள் என் மகள் சுமதி. துவாலையில் சுற்றி, காரின் பின் சீட்டில் அப்பாவை உட்கார வைத்து, பெல்ட்டும் போட்டுவிட்டுத்தான் கிளம்பினாள். என்னிடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளைப் பற்றிப் போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். படித்துவிட்டுக் கூலிமிலிருந்து ஒரு வாசகி கூப்பிட்டார். "அப்புறம் தனியாத்தான் இருக்கீங்களாக்கா?" என்று கேட்டார். இல்லை தங்கச்சி. அந்தக் கதையைச் சொல்லலாம் என்று உட்கார்ந்தால் முதலில் கண்ணில் வந்து நிற்பது அந்த வெளுத்த கட்டம்தான்.

தூக்கத்திலேயே போன வழி

கூலிம் ஆலையில் நான் இருபத்து நான்கு வருடம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து வேலை செய்தேன். கம்பெனி பஸ் சுங்கை லாலாங்கில் புறப்படும். சுங்கை பட்டாணியைத் தாண்டி, திகாம் பத்துவில் என்னை ஏற்றிக்கொண்டு கூலிமுக்குப் போகும். காலை ஷிப்டுக்கு விடியுமுன்னே ஏறவேண்டும். திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிடும்.

அந்த பஸ்ஸில் நான் பார்த்தது என்ன என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. தூங்கினேன். ஏறி, ஜன்னலில் தலையைச் சாய்த்தால் கண்ணாடியின் குளிர் நெற்றியில் படும். அடுத்த நிமிஷம் நான் அங்கே இருக்கமாட்டேன். பஸ் ஆடுகிற ஆட்டத்தில், சின்ன வயதில் சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் அம்மாவுக்குப் பின்னால் பால் வாளி தூக்கி நடந்த ஞாபகம் கலந்துவிடும். ரப்பர் இலை காலில் சலசலக்கும். யாரோ சிரிப்பார்கள். தோட்டத்தில் மரமெல்லாம் வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. என் தூக்கத்துக்கு மட்டும் அந்தச் செய்தி போய்ச் சேரவே இல்லை.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்கும். "திகாம் பத்து… திகாம் பத்து…"

டிரைவர் மணியம் அண்ணன் யாரையும் பெயர் சொல்லி எழுப்பமாட்டார். இறங்குகிற ஊரைச் சொல்லித்தான் எழுப்புவார். எங்கள் பெயர் எதுவும் அவருக்குத் தெரியாது. பின் சீட்டில் ஒருத்தி சுங்கை லாலாங், முன்னால் ஒருத்தி பட்டாணி, ஜன்னலோரம் தூங்குகிற நான் திகாம் பத்து. நாங்கள் எல்லாரும் அவரை அண்ணே என்போம். எங்களைவிட வயதில் சின்னவர்கள் ஓட்டினாலும் டிரைவர் என்றால் அண்ணேதான்.

நிறுத்தத்தில் முதலில் முனியாண்டிதான் வந்து நிற்பார், தன் கப்சாய் மோட்டாரில். உதைத்தால் ஏழாவது உதைக்குத்தான் அது கிளம்பும். பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டுப் படுத்துவிட்டார். அதன்பின் அப்பாவின் பெரிய கறுப்புக் குடையைத் தூக்கிக்கொண்டு சுமதி வர ஆரம்பித்தாள். அப்போது ஒன்பது வயது. குடை அவளைவிட அகலம்.

மழை நாளில் அவள் காப்பிக்கடைக் கூரைக்கு அடியில் ஒதுங்கி நிற்பாள். வளைவில் திரும்பும்போதே மணியம் அண்ணன் இரண்டு தடவை ஹார்னை லேசாகத் தட்டுவார். உன் அம்மா வந்தாச்சு, இனிமேல் வெளியே வந்தால் போதும் என்று அதற்கு அர்த்தம். வேறு எந்த நிறுத்தத்திலும் அவர் அப்படி ஹார்ன் அடித்ததில்லை என்று பஸ்ஸில் வருகிற மற்றவர்கள் சொல்வார்கள்.

ஒருநாள் அவள் பஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டாள்.

"அங்கிள், நானும் ஒரு ரவுண்டு வரவா? அம்மா எங்க போறாங்கன்னு பாக்கணும்."

"பாஸ் இல்லாம ஏத்த முடியாதும்மா. கம்பெனி ரூல்லா அது."

அவள் காலை எடுத்துக்கொண்டாள். வீடு வரைக்கும் என்னோடு பேசவில்லை. குடையைத் தன் பக்கமே சாய்த்துப் பிடித்தபடி வந்தாள், நான் நனைந்தேன். அவள் கோபம் அன்றிலிருந்தே அப்படித்தான், சத்தம் இருக்காது.

அடுத்த வருடம் முனியாண்டி போய்ச் சேர்ந்தார். நான் பதினாறு நாள் கழித்து மறுபடி பஸ் ஏறினேன். தூங்கினேன்.

கிளினிக்கில் கேட்ட குரல்

ஓய்வு பெற்றபின் மூன்று மாதத்துக்கு ஒருதரம் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய்ப் பிரஷர் மாத்திரை வாங்கவேண்டும். நம்பர் எடுத்து உட்கார்ந்தால் காத்தாடி ஓடும் சத்தத்திலேயே எனக்குக் கண் சொருகும். பழக்கம், வேறென்ன.

ஒருநாள் அப்படித்தான் சொருகியிருந்தேன். ரப்பர் இலை சலசலத்தது. "திகாம் பத்து… திகாம் பத்து…" என்றது குரல். நான் விசுக்கென்று எழுந்து, பையைத் தோளில் மாட்டி, இல்லாத படியில் இறங்குவதற்குக் காலைக்கூட நீட்டிவிட்டேன்.

கண்ணைத் திறந்து பார்த்தால் கிளினிக். எதிரே, தலை முழுக்க நரைத்து, சட்டையை ஒழுங்காக உள்ளே விட்டு, மணியம் அண்ணன் நிற்கிறார்.

"ஒங்க நம்பரக் கூப்பிட்டாங்க. ரெண்டு தடவ. பேரு தெரியாது, அதான் ஊரச் சொன்னேன்."

எனக்கு வந்த சிரிப்பில் மருந்து கொடுக்கிற பெண் என்னை முறைத்துப் பார்த்தாள். அவரும் சிரித்தார். பிறகு கேன்டீனில் தே தாரே குடித்தோம். அவர் மனைவி இறந்து ஆறு வருடமாம். பிள்ளைகள் இல்லை. சுங்கை லாலாங்கில் தனியாக இருக்கிறார். நாற்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதருக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கத் தெரியவில்லை.

அன்றைக்கு அவருடைய பழைய காரில் என்னைக் கொண்டுவந்து விட்டார். வழியில் ஆளே இல்லாத நிறுத்தங்களில் எல்லாம் காரை மெதுவாக்கி, ஓரம் கட்டி, ஒரு மூச்சு நின்று, பிறகு எடுத்தார். மூன்றாவது தடவை நான் கேட்டேன், "யாருக்காக நிக்கிறீங்க?"

அவர் வெட்கப்பட்டுப் போனார். "காலு தானா பிரேக்குல போகுது."

அடுத்த மருத்துவ நாள் வருவதற்கு மூன்று மாதம். நாங்கள் மூன்று நாள்கூடப் பொறுக்கவில்லை. கோயிலுக்கு, பசாருக்கு, ஒன்றும் இல்லாவிட்டால் சும்மா கூலிம்வரை போய்த் திரும்பி வர. துணைக்கு, வயதான காலத்தில் ஒரு பேச்சுக்கு என்றெல்லாம் சொல்லி மழுப்ப எனக்கு விருப்பம் இல்லை. அவர் வந்தால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐம்பத்தொன்பது வயதில் கண்ணாடி முன்னால் நின்று பொட்டைச் சரி செய்தேன். அந்தப் பஸ்ஸில் இத்தனை வருடம் போனேனே, ஒருநாள்கூட வெளியே பார்க்கவில்லையே என்று இருந்தது. இப்போது பார்த்தேன். பாதை ஓரத்தில் இவ்வளவு வயல் இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம், நிறுத்தத்தில் காரை நிறுத்திவிட்டு அவர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டார். "திகாம் பத்து, நாம ரெண்டு பேரும் சேந்து இருந்துக்கலாமா? முறைப்படி. பதிவு பண்ணி."

யோசித்துச் சொல்கிறேன் என்று இறங்கினேன். யோசிக்க எதுவும் இல்லை. பிள்ளைகளிடம் சொல்லத்தான் தைரியம் சேர்க்க வேண்டியிருந்தது.

அண்ணே என்று கூப்பிட்ட வாய்

மகன் குமரன் ஜொகூரில் இருக்கிறான். போனில் சொன்னேன். "ஓகேலாம்மா. ஒங்களுக்குச் சந்தோஷம்னா சரி," என்றான். நான் கத்தரிக்காய் வாங்கட்டுமா என்று கேட்டிருந்தாலும் அதே குரலில்தான் சரி என்றிருப்பான். சம்மதம் கிடைத்தும் மனசு நிறையாமல் போனை வைத்தேன்.

சுமதி பட்டாணியில் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. எங்கள் மாநிலத்தில் வெள்ளிக்கிழமைதான் பள்ளி விடுமுறை, அன்றைக்குத் தவறாமல் என்னைப் பார்க்க வருவாள். அந்த வெள்ளிக்கிழமையும் வந்தாள். எனக்காக நண்டுப் பிரட்டல் கொண்டுவந்திருந்தாள். சாப்பிட்டு முடியட்டும் என்று காத்திருந்து சொன்னேன்.

"யாரும்மா மாப்பிள்ள?" என்று முதலில் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்துவிட்டாள்.

"மணியம் அண்ணன்."

"எந்த மணியம்?"

"பஸ் மணியம் அண்ணன்தான்."

சிரிப்பு நின்றது. "அண்ணேன்னு கூப்பிட்ட ஆளும்மா! இப்பக்கூட அண்ணன்னுதான் சொல்றீங்க!"

உண்மையில் அதுதான் எங்கள் பெரிய பிரச்சினையே. வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "இங்க பாருங்க" என்று சமாளித்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்கூல்ல தெரிஞ்சா நான் எப்படிம்மா மூஞ்சிய வச்சுக்கிறது? எங்க மாமியாருக்கு என்ன சொல்றது?"

"கேட்டா, எங்கம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்கன்னு சொல்லு."

நக்கலாகச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் எழுந்து கையைக் கழுவினாள். ரொம்ப நேரம் கழுவினாள். முதுகைக் காட்டியபடியே கேட்டாள்.

"அப்பவேவா?"

"எது அப்பவே?"

"அந்த ஹார்னு. ரெண்டு ஹார்னு. அப்பா வீட்ல படுத்துக் கெடந்தப்ப. நான் கொடையத் தூக்கிக்கிட்டு அங்க நின்னேனே. அப்பவே இருந்துச்சா?" எப்போதும் நீங்க என்று பேசுகிறவள் அடுத்த வார்த்தையில் மாறிப்போனாள். "உண்மையச் சொல்லு நீ."

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் சொல்லவில்லை. எனக்கு அவ்வளவு கோபம். பெற்ற மகள், என்னைப் பார்த்து, அந்த வருடங்களைப் பார்த்து. காலையில் சமைத்து, அவள் தந்தையைத் துடைத்து உடை மாற்றி, ஆலைக்குப் போய், வந்து மறுபடி சமைத்த அந்த வருடங்களையா கேட்கிறாள்? "போடி" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

வெளியே வந்து பார்த்தபோது அவள் படத்தைத் துவாலையில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

தோட்டத்தில் நான் சிறுமியாக இருந்தபோது பச்சையம்மா என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் செத்த மறு வருடம் தன் சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது லயத்து வீட்டிலிருந்து ஐந்தாவது லயத்து வீட்டுக்குப் போனாள். அங்கே இருந்த தண்டல்காரரோடு குடித்தனம். சடங்கு, பதிவு ஒன்றும் கிடையாது, அந்தப் பானைதான் கல்யாணம். அவளுக்கு மீசை முளைத்த மகன் ஒருவன் இருந்தான். அவன் தினமும் விடியலில் குழாயடியில் அம்மாவுக்குத் தண்ணீர் பிடித்து, ஐந்தாவது லயத்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கமாட்டான். அவளும் அவன் தலை மறைந்தபிறகுதான் வெளியே வந்து வாளியை எடுப்பாள். ஒரு வருடத்துக்குமேல் அப்படி நடந்தது. நாங்கள் குழந்தைகள் அதை விளையாட்டாக வேடிக்கை பார்ப்போம். சுமதி போனபிறகு அந்த வாளிதான் திரும்பத் திரும்ப ஞாபகத்துக்கு வந்தது. எனக்கு வாளிகூட வரவில்லை.

படத்துக்குப் பின்னால்

கல்யாணப் பதிவுக்கு மனு வாங்குவதற்குப் பட்டாணியில் பதிவு அலுவலகம் போனோம். கவுன்டரில் இருந்த மலாய்ப் பெண் தேவையான காகிதங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்து, "சூராட் மாத்தி, மக்சிக். யாங் அசால்," என்றாள். முதல் கணவரின் இறப்புப் பத்திரம். அதுவும் அசல்.

நான் பேனாவைக் கீழே வைத்தேன்.

எங்கள் வீட்டில் முக்கியமான காகிதம் எல்லாம் படங்களுக்குப் பின்னால்தான் இருக்கும். பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் முருகனுக்குப் பின்னால். வீட்டு கிராண்ட் பத்திரம் லெட்சுமிக்குப் பின்னால். என் பெயரும் லெட்சுமி என்பதால் அதில் எனக்கு ஒரு பெருமை. தினமும் சாம்பிராணிப் புகை போகிற இடத்தில் கரையான் வராது, திருடனும் சாமிப் படத்தில் கை வைக்கமாட்டான் என்று ஒரு நம்பிக்கை. முனியாண்டியின் இறப்புப் பத்திரத்தை அவருக்குப் பின்னாலேயே வைத்து, அட்டையைச் சாத்தி, பழுப்பு டேப் ஒட்டியிருந்தேன். அவருடையதை அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று.

இப்போது அது பட்டாணியில், சுமதி வீட்டில்.

"நகல் கேட்டு எழுதிக் குடுத்தா இங்கயே எடுத்துக்கலாம்," என்றார் மணியம், மெதுவாக. "மகள சங்கடப்படுத்த வேணாம்."

"வேணாம்," என்றேன். "அவ கையால வரணும். வரலைன்னா வேணாம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எது வேண்டாம் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. காரில் திரும்பும்போது எந்த நிறுத்தத்திலும் அவர் வேகத்தைக் குறைக்கவில்லை. எனக்குத் தூக்கமும் வரவில்லை.

சுமதி போனை எடுக்கமாட்டாள். வாட்சப்பில் எழுதினேன். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஒரு மணி நேரம் எழுதினேன்.

"அப்பா படத்துக்குப் பின்னால் அவர் இறப்புப் பத்திரம் இருக்கு. வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு மனு கொடுக்கக் கிளம்புறோம். அது இல்லாம நான் போகமாட்டேன். நீ கேட்டதுக்குப் பதில் அன்னிக்கே சொல்லியிருக்கணும். இல்லை. அப்பா இருந்தப்ப இல்லை. அப்புறமும் ரொம்ப வருஷம் இல்லை. கோபத்துல சொல்லாம விட்டுட்டேன்."

இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் வரவில்லை.

வியாழக்கிழமை

விடிந்ததிலிருந்து தூறல். நாவல்பழ நிறத்தில் ஒரு பருத்திச் சேலை கட்டினேன். வெளுத்த கட்டத்தின் முன்னால் நின்று, வழக்கம்போல ஊதுபத்தி ஏற்றினேன். யாருக்கு ஏற்றுகிறோம் என்றே ஒரு நிமிஷம் தெரியவில்லை. ஒன்பது மணி வரைக்கும் வாசலில் கார் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

பதிவு முடியும்வரை என் வீட்டு வாசலுக்கு வரமாட்டேன், நிறுத்தத்தில்தான் நிற்பேன் என்பது மணியத்தின் பிடிவாதம். அவரிடம் நேரிலேயே சொல்லித் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் நடந்தேன். குடைகூட எடுக்கவில்லை. பாதை, மரம், காப்பிக்கடை எல்லாம் தூறலில் கரைந்து, பஸ் கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது.

காப்பிக்கடைக் கூரைக்கு அடியில் யாரோ நின்றுகொண்டிருந்தார்கள். கையில் குடை. இடுப்பில் ஒரு துவாலை மூட்டை, குழந்தையை வைத்திருப்பதுபோல.

நான் கூரையை நோக்கி நடந்தேன்.

"கொட எடுத்துட்டு வர மாட்டீங்களாம்மா?" என்றாள் சுமதி.

"தூறல்தானே."

"எப்பவும் இதேதான்." குடையை என் பக்கம் சாய்த்தாள். "ஸ்கூலுக்கு எம்.சி. லீவு போட்டுட்டு வந்திருக்கேன். வாழ்க்கையிலயே மொத தடவ."

"பத்திரம்…"

"உள்ளதான் இருக்கு. நான் டேப்பப் பிரிக்கல. நீங்க ஒட்டுனது, நீங்களே பிரிங்க."

வளைவில் கார் திரும்பியது. இரண்டு ஹார்ன், லேசாக. இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகும் அந்தச் சத்தத்துக்கு அவள் உடம்பு கூரையை விட்டு ஒரு அடி முன்னால் வந்துவிட்டதை நான் பார்த்தேன்.

மணியம் ஜன்னலை இறக்கினார். சுமதி குனிந்து, நேராகவே கேட்டாள்.

"அங்கிள், ஒண்ணே ஒண்ணு கேக்கணும். எங்கப்பா இருந்தப்ப நீங்க எங்கம்மாவ…"

அவருக்குப் புரிந்தது. கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் வைப்பரை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பல்லாம் ஒங்கம்மா முழிச்சிருந்து நான் பாத்ததே இல்லம்மா," என்றார். "ஏறுனா தூக்கம். எறங்குனா ஓட்டம். அந்த ஹார்னு ஒனக்குத்தான். சின்னப் பிள்ள மழையில நிக்குதேன்னு அடிச்சேன்."

சுமதி மூட்டையை மறு இடுப்புக்கு மாற்றினாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, பள்ளியில் பிள்ளைகளை மிரட்டுகிற அந்தக் குரலில் சொன்னாள்.

"எங்கிட்ட பாஸ் இல்ல அங்கிள்."

மணியம் காரை விட்டு இறங்கினார். தூறலில் நனைந்தபடியே சுற்றி வந்து பின் கதவைத் திறந்து பிடித்தார்.

"அன்னிக்கே ஏத்தியிருக்கணும்மா," என்றார்.

நானும் அவளோடு பின்னால் ஏறிக்கொண்டேன். முனியாண்டியை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார வைத்து அவள் பெல்ட் போட்டாள். கார் கிளம்பியது. கண்ணாடியில் தலையைச் சாய்த்தேன், நெற்றியில் குளிர் பட்டது.

ரப்பர் இலை சலசலத்தது. முனியாண்டி நிறுத்தத்தில் கப்சாயை உதைத்துக்கொண்டிருந்தார். எட்டு உதை ஆகியும் கிளம்பவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "நீ பஸ்ஸுலயே போயிரு," என்று கையைக் காட்டினார். எரிச்சல் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"பட்டாணி… பட்டாணி…"

கண்ணைத் திறந்தேன். மழை விட்டிருந்தது. முன்னால் மணியம் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டது அவர் இல்லை.

சுமதி பெல்ட்டை அவிழ்த்து, அப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"எறங்குங்கம்மா," என்றாள். "ஆபீஸ் வந்திருச்சு."